கையெழுத்துக்கு முந்திய ஆமீன்

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் அக்மராலை எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மாமனார் ஒராஸ்பை இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஆசி சொன்னார். விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த இருபத்தாறு பேரும் கை விரித்தார்கள். மூத்த மருமகள் அக்மராலும் விரித்தாள். ஆசி முடிந்ததும் எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டு "ஆமீன்" என்றார்கள். அவளும் சொன்னாள்.

சொல்லாமல் என்ன செய்வாள்? பெரியவர் ஆசி சொல்லும்போது கையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் மருமகள் அல்மாத்தியில் இன்னும் பிறக்கவில்லை.

ஆனால் அந்த ஆசி எதற்கு என்பதில்தான் வம்பு. கடைசி மகன் தௌரென், தல்காரில் மூன்று ரத்தப் பரிசோதனை நிலையங்களை வாங்கியிருந்தான். குடும்பத்துக்கு ஏற்கெனவே முப்பத்தொன்று. "இன்றோடு எல்லாம் ஒரே வீடு, ஒரே அடுப்பு" என்று பெரியவர் வாழ்த்திவிட்டார். வீடு ஒன்றாகலாம், அடுப்பு ஒன்றாகலாம், யார் வேண்டாம் என்றார்கள்? இரண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர்களும் ஒன்றாகலாமா என்பதை முடிவு செய்யவேண்டிய குழு வெள்ளிக்கிழமைதான் கூடுகிறது. அதற்குத் தலைவி அக்மரால். அந்த வெள்ளிக்கிழமை இன்று விடிந்துவிட்டது.

குழுவுக்கு வயது எட்டு வாரம். அதற்கு முன்னால் ஒவ்வொரு நிலையமும் அதற்குப் பிடித்த மென்பொருளை வாங்கி, அதற்குப் பிடித்தபடி ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தது. பதினோரு விதமான அமைப்புகள். போன இலையுதிர் காலத்தில் ஒரு பெண்ணின் பரிசோதனை முடிவு நான்கு நாள் காணாமல் போனது. எதில் தேடுவது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அந்தப் பெண்ணின் தாய் வரவேற்பறையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவள் அக்மரால். இனி இது நடக்கக்கூடாது என்று அவள்தான் மாமனாரிடம் போய் நின்றாள்.

இரண்டு பக்கச் சாசனம் எழுதப்பட்டது. ஒவ்வொரு அமைப்பும் பதிவேட்டில் இருக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஒரு மனிதரின் பெயர் இருக்கவேண்டும். குழுவின் கையெழுத்து இல்லாமல் எதையும் எதோடும் இணைக்கக்கூடாது. விதிவிலக்கு வேண்டுமென்றால் கேட்பவர் தன் பெயரையும் அது முடியும் தேதியையும் எழுதித் தரவேண்டும். ஏழாவது விதி, நிறுவனரும் இதற்குக் கட்டுப்பட்டவர் என்றது. ஒராஸ்பை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதைப் படித்துப் பார்த்தே கையெழுத்திட்டார்.

அது ஜனவரியில். இப்போது பிப்ரவரி.

*

காலையில் மலை தெரியவில்லை. பனிக்காலப் புகை ஊரின் மேல் கவிழ்ந்து அலுவலகத்தின் நாலாம் மாடி ஜன்னல்வரை வந்திருந்தது. அக்மரால் நடைக்கூடத்தில் வந்தபோது, பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரைப் பற்றிய பேச்சு என்று அவளுக்கு விளங்காமல் இல்லை.

"வாங்க அண்ணி! எல்லைச் சாவடி திறந்தாச்சா?" என்றான் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்த தௌரென்.

நாற்பது வயதாகிறது, கம்பெனியில் இயக்குநர், ஆனாலும் அவளுக்கு அவன் கடைக்குட்டிதான். புகுந்த வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. அவள் மணமகளாக வந்த அன்று வைத்த பெயர் இது, பதினெட்டு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"திறந்துதான் இருக்கு கடைக்குட்டி. உன் சரக்கக் காட்டு."

"கோர்கோஸ் எல்லையிலகூட லாரிக்காரன இவ்வளவு நோண்ட மாட்டாங்க. சொந்தக் கொழுந்தன இப்படி நிக்க வெக்கிறீங்களே!"

குழுவில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். ரோசா பெத்ரோவ்னா சிரிக்கவில்லை. கொரிய வம்சத்துப் பெண்மணி, அறுபது வயது, கம்ப்யூட்டர் அமைப்புகளின் தலைமை வடிவமைப்பாளர். பதினோரு அமைப்புகளும் எது எதோடு பேசுகிறது என்று தேடித் தேடி வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டியவர் அவர்தான். அவருக்குக் குரலை உயர்த்தத் தெரியாது, எல்லாரும் அவருக்குப் பயப்படுவதும் அதனால்தான்.

"தல்கார் நிலையங்கள்ல நோயாளிங்களுக்கு ஆறு இலக்க நம்பர்" என்றார் அவர். "நம்மகிட்டயும் ஆறு இலக்கம். ரெண்டும் ஒரே இடத்துல ஆரம்பிக்குது."

"அதனால என்னங்க?" என்றான் தௌரென்.

"204117. அங்க அது ஒரு தையல்காரம்மா. இங்க அதே நம்பர் ஒரு லாரி டிரைவர். இணைச்சா கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேரும் ஒரே ஆள். அவங்க ரத்தம், இவர் ரிப்போர்ட்ல வரும்."

அறையில் சிரிப்பு அடங்கியது.

"சரிபண்ண எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டாள் அக்மரால்.

"மூணு வாரம். எல்லா நம்பருக்கும் முன்னால ஊர்க் குறி சேர்க்கணும். சேர்த்துட்டு ஒண்ணொண்ணா ஒத்துப் பாக்கணும்."

தௌரென் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு, ஏதோ சின்ன விஷயம்போல, "அப்ப எனக்கு ஒரு விதிவிலக்கு எழுதிக் கொடுத்துடுங்க. மூணு வாரத்துக்கு" என்றான்.

"யார் பேர்ல?"

"அத்தா பேர்ல போடுங்க. அவர்தானே வாழ்த்துனாரு."

"கேக்கறது நீ. உன் பேரைப் போடு."

"அண்ணி, இதெல்லாம் ஒரு காகிதம்தானே…" அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "தேதி மட்டும் போன ஞாயித்துக்கிழமைன்னு இருக்கட்டும். நல்ல நாள், விருந்து நாள். ஒரு ராசிக்காகத்தான்."

ரோசா பெத்ரோவ்னா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு பார்வை பார்த்தார். அக்மரால் அந்தப் பார்வையைக் கவனித்தாள், ஆனால் அதை என்னவென்று கேட்பதற்குள் அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. மாமனார் வீட்டு எண். மதியம் ஜும்மா முடிந்ததும் சாப்பிட வரவேண்டுமாம், தனியாக.

கூட்டத்தை நாலு மணிக்குத் தள்ளிவைத்தாள். அப்போதே இணைப்பு வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். ஆமீன் சொன்ன வாய் என்பதால் அந்தச் சொல் வரவில்லை.

*

மலையடிவாரத்து வீட்டில் இறைச்சி வேகும் வாசனை வாசல்வரை வந்தது. ஒராஸ்பை தொழுகைத் தொப்பியோடு, வட்ட மேசையில் வாசலுக்கு எதிரே, பெரியவருக்குரிய இடத்தில் உட்கார்ந்திருந்தார். தேநீர் கொதிக்கும் சமோவர் பக்கத்தில் இளைய மருமகள் மோல்திர், தௌரெனின் மனைவி. அவள் அக்மராலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தொழுகையில உன் ஞாபகம் வந்துச்சு மருமகளே" என்றார் பெரியவர்.

"நல்லதுக்குத்தானே அத்தா?"

"பத்து மணிக்கு முடியவேண்டிய கூட்டம் நாலு மணிக்குப் போச்சாமே."

செய்தி அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் எண்கள் மோதுவதைச் சொன்னாள். தையல்காரம்மாவையும் லாரி டிரைவரையும் சொன்னாள். பெரியவர் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டியைப் பிய்த்தபடி பொறுமையாகக் கேட்டார்.

"சரி, தப்பு இருந்தா திருத்துங்க. வேண்டாம்னா சொல்றேன்? சேத்துட்டுத் திருத்துங்க."

"சேத்துட்டுத் திருத்தறது, ரத்தம் எடுத்துட்டு ஊசியக் கழுவற மாதிரி அத்தா."

மோல்திருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றது.

"ஒத்த மைக்ராஸ்கோப்ப வெச்சு ரெண்டு ரூம்ல ஆரம்பிச்சேன்" என்றார் ஒராஸ்பை. "கரண்ட் இல்லாத வருஷம். மெழுகுவத்தி வெளிச்சத்துல பாத்து எழுதினேன். அப்ப எந்தக் குழு வந்து கையெழுத்து போட்டுச்சு?"

"அப்ப ஒவ்வொரு நோயாளி முகமும் உங்களுக்குத் தெரியும் அத்தா. இப்ப ஒரு நாளைக்கு நாலாயிரம் பேர் வர்றாங்க. நம்பர்தான் முகம்."

"நான் கைய விரிச்சு ஆசி சொல்லிட்டேன். நீயும் ஆமீன் சொன்ன. என் கண்ணால பாத்தேன்."

"சொன்னேன். ஏழாவது விதியில நீங்களும் கையெழுத்து போட்டீங்க. நானும் என் கண்ணால பாத்தேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்குக் காது சுட்டது. பதினெட்டு வருடத்தில் அவரிடம் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பெரியவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "போட்டேன்" என்றார் நிதானமாக. "வேலைக்காரங்க ஒழுங்கா இருக்கட்டும்னு போட்டேன். வெளியில இருந்து வந்து கேக்கறவனுக்குக் காட்டணும்னு போட்டேன். என் மகன் என்கிட்ட ஆசி வாங்கிட்டு, அப்புறம் மருமக வாசல்ல வந்து வரிசையில நிக்கணும்னு போடல."

"வீட்டாளுக்கு ஒண்ணு, வெளியாளுக்கு ஒண்ணுன்னா அது விதியே இல்ல அத்தா."

ஒராஸ்பை சமோவர் பக்கம் திரும்பினார். "மோல்திர், உங்க அக்காவுக்கு டீ ஊத்து."

மோல்திர் வழக்கம்போல் கிண்ணத்தில் கால்வாசி ஊற்றினாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, திரும்பத் திரும்ப வாங்கி, நேரம்போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கத்தான் அந்தக் கால்வாசி.

"நிறைய ஊத்து" என்றார் பெரியவர்.

மோல்திரின் கை நின்றது. கிண்ணம் நிறைய ஊற்றித் தந்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். வேண்டாத விருந்தாளிக்குக்கூட இந்த வீட்டில் யாரும் அப்படி ஊற்றியதில்லை.

"அத்தா…"

"ஊத்தும்மா."

அவள் ஊற்றினாள். விளிம்புவரை நிறைந்து, தட்டிலும் கொஞ்சம் வழிந்தது. அக்மராலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. அந்தச் சூட்டோடு கிண்ணத்தைத் தூக்கி, கடைசிச் சொட்டுவரை குடித்து, கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"நாலு மணிக்கு நீ என்ன எழுதப்போறியோ, அதுதான் இந்த வீட்ல உன் இடம்" என்றார் பெரியவர். "என் மூத்தவன்கிட்டயும் சொல்லிடு."

காரில் உட்கார்ந்து மூத்தவனைக் கூப்பிட்டாள். கணவன் பவுர்ஜான் ஷிம்கெந்தில் கிளை ஆய்வுக்குப் போயிருந்தான். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"குடிச்சிட்டியா?" என்றான் கடைசியில்.

"குடிச்சிட்டேன்."

"அப்பா பேச்சுக்கு மேல நான் பேசினதில்ல அக்மரால். உனக்கே தெரியும்."

"தெரியும். பேசச் சொல்லல. சொல்லிவெச்சேன், அவ்வளவுதான்."

நல்ல மனிதன்தான் பவுர்ஜான். ஆனால் நல்ல மனிதர்கள் ஒதுங்கி நிற்கும் இடத்தில்தான் இந்த மாதிரிக் கிண்ணங்கள் நிறைகின்றன. வேறென்ன சொல்ல?

*

நாலு மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். யாரும் எல்லைச் சாவடி என்று கேலி பேசவில்லை. அக்மரால் பதிவேட்டைத் திறந்து, தன் கையாலேயே எழுதினாள். தல்கார் இணைப்பு: அனுமதி இல்லை. காரணம்: நோயாளி எண்கள் மோதுகின்றன. மறுபரிசீலனை: மூன்று வாரம் கழித்து. குழு தொடங்கிய நாளிலிருந்து அதில் எழுதப்பட்ட முதல் மறுப்பு அது.

எழுதி முடித்து நிமிர்ந்தாள். தௌரென் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்து, பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தாள். ஆனால் அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்ன கடைக்குட்டி? திட்டறதா இருந்தா திட்டு."

"அண்ணி, அத அடிச்சிடுங்க" என்றான். "வேண்டாம்னு எழுதாதீங்க. எழுதினா… எழுதினா அது குத்தமாயிடும்."

"எது?"

அவன் ரோசா பெத்ரோவ்னாவைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான்.

"எப்ப இணைச்ச?" என்று கேட்டார் ரோசா பெத்ரோவ்னா. குரல் உயரவில்லை.

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயிறு எப்ப?"

"அத்தா ஆசி சொன்னாருல்ல… ஆமீன் சொல்லி முடிச்சதும் வாசலுக்குப் போய் தல்கார் பையன்களுக்குப் போன் போட்டேன். பெரியவர் சொல்லிட்டாரு, திறந்துடுங்கன்னேன். கம்ப்யூட்டர்ல இணைப்பத் திறக்கற என் சாவி அவங்ககிட்ட இருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை அவன் சூழ்ச்சி எதுவும் நினைத்துச் செய்யவில்லை. அதுதான் கொடுமை. அப்பா கை விரித்த பிறகு இன்னொரு அனுமதி பாக்கி இருக்கும் என்று அவன் புத்தியில் உறைக்கவே இல்லை. பிறகு உறைத்தபோது, தேதியை மாற்றி எழுதினால் தீர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

ரோசா பெத்ரோவ்னா அதற்குள் மடிக்கணினியைத் திறந்திருந்தார். விரல்கள் வேகமாக ஓடின, பிறகு நின்றன.

"ஞாயிறு, சாயந்தரம் ஆறு இருபது" என்று படித்தார். "அஞ்சு நாளா ஓடிட்டிருக்கு. அக்மரால், இங்க 'அனுமதித்தவர்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல உங்க பேர் இருக்கு."

"என் பேரா?"

"பேர் போடாம அது திறக்காது அண்ணி" என்றான் தௌரென். அழுதுவிடுவான் போலிருந்தது. "குழுத் தலைவர் பேர்தான் கேட்டுச்சு. நீங்களும் கை விரிச்சீங்களே. ஆமீன் சொன்னீங்களே. நீங்க சம்மதிச்சதாத்தான் நான்…"

அக்மராலுக்குக் கோபம் வந்தது. அவனை ஓங்கி அறையவேண்டும்போல் இருந்தது. அதைவிட, ஞாயிற்றுக்கிழமை விரித்த தன் இரண்டு கைகளின் மேல் வந்தது. அந்த விரிப்பைச் சுற்றி இருந்த இருபத்தாறு பேரில், எண்கள் மோதக்கூடும் என்ற சந்தேகம் ஒருத்திக்குத்தான் இருந்தது. அந்த ஒருத்தி முகத்தைத் தடவிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

"துண்டிங்க ரோசா பெத்ரோவ்னா. இப்பவே."

"துண்டிச்சாச்சு."

"எத்தனை பேர்?"

"தேடிட்டிருக்கேன்… ஒரே நம்பர்ல ரெண்டு பக்கமும் ரத்தம் குடுத்தவங்க, முப்பத்தெட்டு ஜோடி. எழுபத்தாறு பேர். எல்லாருக்கும் முடிவு அனுப்பியாச்சு."

"எழுபத்தாறு பேரையும் கூப்பிடணும். இருட்டறதுக்குள்ள. கடைக்குட்டி, நீ மேலேர்ந்து ஆரம்பி, நான் கீழேர்ந்து வர்றேன்."

"அத்தாகிட்ட யாரு சொல்றது?"

"முதல்ல நோயாளிங்க. அப்புறம் அத்தா."

அவள் முதல் எண்ணை அழுத்துவதற்குள் மேசைமேல் இருந்த அலுவலகத் தொலைபேசி அடித்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். அக்மரால்தான் எடுத்தாள்.

"ரத்தப் பரிசோதனை நிலையமா?" ஒரு பெண் குரல். பின்னால் யாரோ ஓடும் சத்தம். "நான் டாக்டர். என் நோயாளி ஒருத்தர், எழுபது வயசு, இதய வால்வு மாத்தினவர். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார். உங்க செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டப் பாத்துட்டு மாத்திரையக் கூட்டினேன். ரெண்டு மடங்கு கூட்டினேன்."

"அவர் நம்பர் என்ன டாக்டர்?"

டாக்டர் சொன்னார். ரோசா பெத்ரோவ்னா பட்டியலில் விரலை ஓடவிட்டு, ஒரு வரியில் நிறுத்தினார். தலையை மட்டும் அசைத்தார்.

"அந்த ரிப்போர்ட் அவருடையது இல்ல" என்றாள் அக்மரால்.

"மத்தியானத்துல இருந்து ரத்தம் நிக்கல" என்றார் டாக்டர். "இப்பதான் உள்ள கொண்டுபோனாங்க. உங்க இடத்துல இதுக்கு யார் பொறுப்பு? பேர் சொல்லுங்க, நான் எழுதணும்."

தௌரென் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்கிறானா, என் பெயரைச் சொல் என்கிறானா, அவனுக்கே தெரிந்திருக்காது. சாவி கொடுத்தவன் அவன். ஆசி சொன்னவர் பெரியவர். இரண்டு பெயரில் எதைச் சொன்னாலும் அது பொய்யில்லை.

"அக்மரால்" என்றாள். "குழுத் தலைவி. என் பேரை எழுதிக்குங்க. அவரோட சரியான முடிவு அஞ்சு நிமிஷத்துல உங்க கையில இருக்கும்."

"அனுப்புங்க. இன்னொண்ணு…" டாக்டர் தயங்கினார். "அவரோட மகன் இங்கதான் நின்னுட்டிருந்தார். நான் உங்க நம்பரத் தேடறதைப் பாத்தார். ரிப்போர்ட்ல இருந்த விலாசத்தைக் கிழிச்சு எடுத்துட்டுக் கிளம்பிட்டார். நிறுத்திப் பாத்தேன், முடியல."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ரோசா பெத்ரோவ்னா சரியான முடிவை எடுத்து அனுப்பத் தொடங்கியிருந்தார். தௌரென் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"கீழ கதவப் பூட்டச் சொல்லட்டுமா அண்ணி?"

அக்மரால் அவனுக்குப் பதில் சொல்லாமல் கீழே வரவேற்பறைக்குப் போன் செய்தாள். ஒருவர் வருவார், கோபமாக வருவார், அவரிடம் எதுவும் கேட்கவேண்டாம், நேராக நாலாம் மாடிக்கு என்னிடம் அனுப்புங்கள் என்றாள். பிறகு பட்டியலை எடுத்து, கடைசிப் பெயரிலிருந்து கூப்பிடத் தொடங்கினாள்.